சீர்த்தட்டில் வைத்த கேம்

எந்த கேம் வாங்கலாம் என்று இன்னும் என்னிடம் கேட்கிறார்கள். புதுச்சேரி கதிர்காமத்தில் நான் வேலை பார்க்கும் லேப்பில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள்கூடக் கேட்கிறார்கள். ஊசியைப் பார்க்கப் பயந்து முகத்தைத் திருப்பும்போது, என் மேசை ஓரத்தில் கிடக்கும் கையடக்க வீடியோ கேம் கண்ணில் படும். "இதுல எந்த கேம் மேடம் நல்லாருக்கும்?" என்பார்கள். நான் ஊசியைக் குத்திக்கொண்டே பதில் சொல்வேன். பதினைந்து வருஷமாக ஆடுகிறேன். இந்த ஊரில் என்னைவிட அதிகம் ஆடிய பொம்பளை இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஒரு கை பார்த்துவிடலாம்.

எனக்குப் பிடித்தது சண்டை கேம்தான். ஒரு கேம் தேறுமா தேறாதா என்று பார்க்க எனக்கு ஒரே அளவுதான் உண்டு: எதிராளியின் மூஞ்சியில் குத்தும்போது அந்தக் குத்து என் கட்டைவிரலில் தெரிய வேண்டும். மெஷின் கைக்குள் அதிர வேண்டும். அடி வாங்கியவன் முதுகு வளைந்து தூரப் போய் விழ வேண்டும். பிரான்ஸிலிருந்து லீவுக்கு வருகிறவர்கள் பழைய கேம் கார்டுகளை விற்றுவிட்டுப் போவார்கள். அவை சண்டே மார்க்கெட்டில் சல்லிசாகக் கிடைக்கும். பாதி கேம் பிரெஞ்சில்தான் பேசும். எனக்குத் தெரிந்த முதல் பிரெஞ்சு வார்த்தை 'பெர்த்யூ'. தோற்றுப்போனால் திரையில் பெரிதாக வரும். முதல் மாதம் முழுக்க அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கு என் வாய்தான் காரணம் என்று தெருவே சொல்லும். கையும் ஒரு காரணம். டெம்போவில் ஒருத்தன் பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையால் உரசிக்கொண்டே வந்தான். இரண்டு தடவை முறைத்தேன். மூன்றாவது தடவை டிபன் கேரியரால் அவன் முழங்கால் சில்லில் ஒன்று போட்டேன். அவன் கத்திய கத்தலில் டிரைவர் வண்டியையே நிறுத்திவிட்டார். அன்று இறங்கி நடந்துபோனதும் நான்தான், அது வேறு கதை.

என் தங்கை எனக்கு நேர் எதிர். கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தால்கூடச் சத்தம் வராது. அப்பா மில்லில் இருந்தவர், மில் மூடிய பிறகு கிடைத்த வேலையெல்லாம் பார்த்து, அவளுக்கு மாப்பிள்ளை தேடும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். நானும் அம்மாவும்தான் கல்யாணம் செய்து வைத்தோம். மாப்பிள்ளை வீடு அரியாங்குப்பம். ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். நெற்றியில் கீற்று விபூதி, சட்டையை உள்ளே விட்டிருப்பான், பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பான். அவன் இவன் என்றுதான் எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கு மரியாதை கொடுக்கச் சொல்லி என்னை யாரும் திருத்த வேண்டாம்.

நிச்சயதார்த்தத்தன்று அவன் என் மெஷினை வாங்கிப் பார்த்தான். கொடுத்த பிறகு திருப்பித் தர மனசே இல்லை. தாம்பூலம் மாற்றுகிற நேரத்தில்கூட ஓரக்கண்ணால் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். தலை தீபாவளி வந்தது. மோதிரம் போடலாமா, வாட்ச் வாங்கலாமா என்று அம்மா கவலைப்பட்டாள். அவர்கள் வீட்டில் எதையும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். "உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறது" என்று சொல்லிவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான்தான் சொன்னேன்.

"அம்மா, மோதிரத்தை அவரு பீரோல வச்சிப் பூட்டுவாரு. கேம் செட்டு வாங்கிக் குடு, தெனமும் நம்ம பேரைச் சொல்லுவாரு."

அப்படித்தான் சீர்த்தட்டில் அது ஏறியது. வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பட்டு வேட்டி, நடுவில் புது வீடியோ கேம். அம்மா அந்த அட்டைப்பெட்டியின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். கூடவே நான் தேர்ந்தெடுத்த இரண்டு கார்டு. ஒன்று கார் ரேஸ். இன்னொன்று சண்டை. எலும்பு முறிவதை எக்ஸ்ரே போல உடம்புக்குள்ளேயே படம்பிடித்துக் காட்டும் சண்டை. நான் ஆடியதிலேயே உச்சம் அதுதான்.

"அக்கா டேஸ்ட்டே தனி," என்றான் அவன். அவனுக்கு நான் அக்கா. எனக்கு ஜில்லென்று இருந்தது. இத்தனை வருஷத்தில் என் ஆட்டத்தை மதித்துப் பேசிய முதல் ஆம்பளை நம் மாப்பிள்ளையாக வந்து வாய்த்தானே என்று தலைமேல் தூக்கி வைத்து ஆடினேன். பொங்கல் சீருக்குக் கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், ஒரு கேம் என்று ஆகிவிட்டது. எங்கள் தெருவில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை.

பொங்கல் கழிந்து இரண்டு வாரத்தில் தங்கை வீட்டுக்கு வந்தாள். வெயில் காலம் இன்னும் தொடங்கவே இல்லை, ஆனால் வியர்த்திருந்தாள். முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள். அவள் முழுக்கை போடுகிற பழக்கமே கிடையாது. நான் பேசிக்கொண்டே அவள் கையைப் பிடித்தேன். சுருக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ரவிக்கைக் கையை மேல ஏத்துடி."

"மாடிப்படில விழுந்துட்டங்கா."

எனக்கு வேலையே கையைப் பிடித்து நரம்பைத் தேடுவது. ஒரு நாளைக்கு எத்தனை கையைப் பார்க்கிறேன். ரத்தம் கட்டினால் முதலில் சிவக்கும், பிறகு நீலம், பிறகு பச்சை, கடைசியில் மஞ்சள். எந்த நிறம் எத்தனை நாள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அவள் மேல்கையில் நீலம் ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் ஒன்று. நான்கு விரல், ஒரு கட்டைவிரல். மாடிப்படிக்கு எங்கிருந்தடி கட்டைவிரல் வந்தது? தோளுக்குக் கீழே இன்னொரு இடத்தில் பச்சை. அது போன வாரத்தது. விலாவில் தொட்டதும் முனகினாள். அங்கே மஞ்சள். அது பொங்கலுக்கு.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். தங்கை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவரு நல்லவருதாங்கா. அந்த கேம் ஆடும்போதுதான். தோத்துட்டா கோவம் வந்துடுது."

அம்மா என்னைத்தான் பார்த்தாள்.

"என்னாடி கேமு அது? குத்தறதும் கிழிக்கறதும். அதைப் போயி சீர்ல வச்ச பாரு. அதைப் பார்த்துப் பார்த்துதான் அவருக்கு வெறி ஏறுது. சாந்தமா ஒண்ணு வாங்கிக் குடுக்கக் கூடாதா?"

இந்த இடத்தில்தான் நான் கத்தியிருக்க வேண்டும். பதினைந்து வருஷம் ஆடியவள். ஆயிரம் தடவை தோற்றவள். தோற்றதற்காக ஒரு தடவையாவது என் அம்மாவை அடித்தேனா? தங்கையை அடித்தேனா? இந்தச் சின்னக் கேள்வி என் மண்டையில் ஏறவே இல்லை. எனக்குப் பட்டதெல்லாம், நான் தேர்ந்தெடுத்த கேமால் என் தங்கை அடிவாங்குகிறாள் என்பதுதான். தப்பு என் மேல் இருந்தால் அதைச் சரிசெய்கிற வழியும் என் கையில் இருக்கும் அல்லவா? அந்த நினைப்பு எனக்குச் சௌகரியமாக இருந்தது. அம்மாவுக்கும் சௌகரியம். தங்கைக்கும்தான். மூன்று பொம்பளைகளும் சேர்ந்து ஒரு மெஷின்மேல் பழியைப் போட்டுவிட்டு, மாப்பிள்ளையைப் பத்திரமாக நல்லவனாக வைத்துக்கொண்டோம்.

அப்புறம் நான் செய்ததை நினைத்தால் என் கையை நானே முறித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. சாந்தமான கேம் தேடிக் கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மார்க்கெட்டில் ஒவ்வொரு கடையாகக் குனிந்து நின்றேன். முதலில் வாங்கியது தோட்டம் போடுகிற கேம். விதை போடலாம், தண்ணீர் ஊற்றலாம், கோழி வளர்க்கலாம். "தம்பி, இதை ஆடிப் பாருங்க, மனசுக்கு அவ்ளோ இதமா இருக்கும்" என்று போனில் அவனிடம் கடைக்காரிபோல் பேசினேன். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான். தேன் வழிகிற குரல்.

தினமும் மத்தியானம் லேப்பில் கூட்டம் குறைந்ததும் தங்கைக்குப் போன் போடுவேன்.

"கேம் எப்படிடி?"

"பரவால்லக்கா. பத்து நாளா ஒண்ணும் இல்ல."

அதுதான் எங்கள் மதிப்புரை. பத்து நாள் என்றால் நல்ல கேம். பதினோராவது நாள் அவள் இடது புருவம் கிழிந்தது. அவன் வேலைக்குப் போயிருந்தபோது அவள் மெஷினை எடுத்துத் தண்ணீர் ஊற்றப் பார்த்தாளாம், ஊற்றத் தெரியாமல் பூசணிக்கொடி வாடிவிட்டதாம். கேமில் இருந்த பூசணிக்கொடி! அதற்கு இரண்டு தையல். தையலை நான் பார்க்கும்போது அவள் சொன்னது என்ன தெரியுமா? "நாந்தாங்கா தொட்டிருக்கக் கூடாது."

பிறகு மீன் பிடிக்கிற கேம். இந்தப் பக்கம் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் நிஜ மீன் கொட்டிக்கிடக்க, அவன் கட்டிலில் படுத்துக்கொண்டு பொய் மீன் பிடித்தான். அது ஆறு நாள். கன்னத்தில் அறைந்ததில் உள்பக்கம் பல் குத்தி, ஒரு வாரம் கஞ்சிதான் குடித்தாள். பிறகு கட்டம் அடுக்குகிற கேம். அது மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. "அது வேணாங்கா, வேகமா விழுது, அவருக்குப் படபடன்னு ஆவுது" என்றாள். நானும் "ஆமாம்டி, அது தப்பான செலக்‌ஷன்" என்றேன். சொன்னேன். இந்த வாயால் சொன்னேன். அவள் கழுத்தில் இருந்த நகக்கீறலுக்கு மருந்து தடவிக்கொண்டே அந்த கேமின் வேகத்தைப் பற்றிப் பேசினேன்.

இதெல்லாம் போதாதென்று இன்னொன்றும் செய்தேன். ஆடி மாதம் வழக்கப்படி அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம், அந்த மாதம் முழுக்க உட்கார வைத்துத் தோற்கக் கற்றுக்கொடுத்தேன். அவன் சில நாள் அவளையும் கூட ஆடச் சொல்வான். தெரியாமல் ஜெயித்துவிட்டால் ஆபத்து. முதலிலேயே தோற்றாலும் "வேணும்னே தோக்கறியா, என்னைக் கேலி பண்றியா" என்று ஆரம்பிப்பான். அதனால் கடைசி வரை இழுத்துப் போய், ஒரே ஒரு அடியில் தோற்க வேண்டும். கஷ்டமான வித்தை அது. ஜெயிக்கத் தெரிந்தவளால்தான் அப்படித் தோற்க முடியும். கட்டைவிரலை எப்போது தளர்த்துவது, எந்தக் குத்தை வாங்கிக்கொள்வது, தோற்றதும் "ச்சே" என்று எப்படிச் சலித்துக்கொள்வது, எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். கெட்டிக்காரி, நான்கே நாளில் பிடித்துக்கொண்டாள். கைதட்டினேன். ஆடி முடிந்ததும் ஒரு புதுக் கார்டோடு அவளைத் திரும்ப அந்த வீட்டில் கொண்டுபோய் விட்டேன். என்னைவிடப் பெரிய பாவி இருக்கிறாளா?

ஐப்பசியில் மூன்று நாள் அவள் போன் எடுக்கவில்லை. 'நல்லா இருக்கேன்' என்று மெசேஜ் மட்டும் வந்தது. நான்காவது நாள் ஞாயிற்றுக்கிழமை. மார்க்கெட்டில் ஒரு கார்டு கிடைத்தது. வீட்டை ஒழுங்கு செய்கிற கேம். நாற்காலியை இங்கே நகர்த்தலாம், ஜன்னலுக்குத் திரை போடலாம். ஜெயிப்பது கிடையாது, தோற்பதும் கிடையாது. கிடைச்சுட்டுதுடா என்று நடுரோட்டில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாருக்கும் சொல்லாமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி அரியாங்குப்பம் போனேன். மணி பதினொன்றரை இருக்கும்.

வாசலில் யாரோ மணல் கொட்டியிருந்தார்கள். வண்டியைப் பக்கத்துச் சந்தில் நிறுத்தினேன். அந்தச் சந்தில்தான் அவர்கள் படுக்கையறை ஜன்னல். பாதித் திரை விலகியிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "ஏய்" என்று கூப்பிட வாயைத் திறந்தவள் நின்றுவிட்டேன்.

அவன் கட்டிலில் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தான். தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்த அதே சண்டை கேம். அந்தச் சத்தம் எனக்கு அத்துப்படி. எலும்பு நொறுங்குகிற சத்தம், பிறகு ஜெயித்த மேளம். ஜெயித்திருக்கிறான். முகத்தில் லேசாகச் சிரிப்புகூட இருந்தது. தங்கை தட்டில் சோறு கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு என் பார்வைக்குத் தெரியாத பக்கம் நகர்ந்துகொண்டாள். அவன் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தான்.

"புளி தூக்கலா இருக்கு."

அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

"கொஞ்சம் இரு," என்றான் அவன். கத்தவில்லை. பல் கடிக்கவில்லை. பேங்கில் வரிசையில் நிற்கிறவரிடம் சொல்வதுபோல் சொன்னான். கேமை நிறுத்தினான். திரையை லுங்கி நுனியால் துடைத்தான். ஓரத்தில் விரல் பதிந்திருந்ததோ என்னவோ, வாயால் ஊதி இன்னொரு தடவை துடைத்தான். உறையை எடுத்து அதில் மெஷினை வைத்து, சுற்றி ஜிப்பை இழுத்தான். எழுந்துபோய் பீரோ மேல் உள்தள்ளி வைத்தான், கீழே விழாமல். பிறகு வாட்சைக் கழற்றினான்.

முன்கூடத்தில் டிவி சத்தம் கூடியது. அவன் அம்மா அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

கோபமாம், வெறியாம், தோற்றதால் தலைக்கு ஏறுதாம்! ஒன்பது மாதமாக அந்தக் கோபத்துக்குத்தான் பூசணிக்காயும் மீனும் வாங்கிக்கொண்டு அலைந்தேன். கோபம் வந்தவன் கண்ணாடியைத் துடைப்பானா? ஜிப்பை இழுப்பானா?

சந்திலிருந்து ஓடி, மணலில் சறுக்கி, முன்வாசல் வழியாக உள்ளே போனேன். அவன் அம்மா "யாரது, ஏம்மா" என்று எழுந்தாள். தள்ளிவிட்டேன். கதவைத் திறந்தபோது அவன் என் தங்கையின் தலைமுடியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்து, நிதானமாக, சுவரில் மோதிக்கொண்டிருந்தான். இரண்டாவது மோதலோ மூன்றாவதோ. சுவரில் ரத்தம் இருந்தது.

ஹெல்மெட்டை ஓங்கி அவன் காதோடு சேர்த்து அடித்தேன். கேமில் இப்படி அடித்தால் எதிராளி அறையின் மறுகோடிக்குப் பறப்பான். இவன் பறக்கவில்லை. திரும்பினான். "அக்கா?" என்றான், ஆச்சரியமாக. இரண்டாவது அடி மூக்கில். மெத்தென்று ஒரு சத்தம்தான் வந்தது. எந்த கேமிலும் அந்தச் சத்தத்தைச் சரியாக வைக்கவில்லை. அவன் என் வாயில் குத்தினான். உதடு பிளந்து நாக்கில் உப்புக் கரித்தது. என் பதினைந்து வருஷத்து வித்தை எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. கையைப் பிடித்தான், கடித்தேன். தோல் கிழிகிறவரை விடவில்லை. முழங்காலைத் தூக்கி இடுப்புக்குக் கீழே ஒன்று விட்டதும் மடிந்து உட்கார்ந்தான். உட்கார்ந்தவனை மறுபடி அடித்தேன்.

"வேணாம்க்கா, வேணாம்க்கா," என்று அழுதான். மூக்கிலிருந்து ரத்தமும் சளியும் ஒழுகியது. இன்னொன்று போட்டேன். ஹெல்மெட்டின் முன்கண்ணாடி உடைந்து தெறித்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்துப் பூசிமெழுக மாட்டேன். வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் செய்ததில்லை. தங்கைதான் பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிப்பிடித்து, "செத்துடப் போறாருக்கா, விடுக்கா" என்று கெஞ்சினாள். "ஐயோ, எம் புள்ளையக் கொல்றாளே" என்று அவன் அம்மா தெருவுக்கே கேட்கக் கூவினாள். டிவி அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நைட்டிமேல் ஒரு துப்பட்டாவைச் சுற்றி அவளை ஸ்கூட்டியில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தலையில் ஐந்து தையல். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டதற்கு, "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்றாள். அப்போதும். என் உதட்டைப் பார்த்து டாக்டர், "நீங்களுமா வழுக்கினீங்க?" என்றார். "நான் வழுக்கல, அடிச்சேன்" என்றேன்.

போலீசுக்குப் போகலாம் என்றேன். அம்மா என் காலில் விழாத குறை. "நீ அவரு மூக்கை ஒடச்சி வச்சிருக்க. போனா உன்னையும்தான்டி உள்ள வைப்பான். பெரியவங்களை வச்சிப் பேசிக்கலாம்." தங்கை இரண்டு பக்கமும் பேசவில்லை. ஒரு வாரம் சுவரோரம் படுத்தே கிடந்தாள்.

அடுத்த ஞாயிறு காலை அவர்கள் வந்தார்கள். அவன், அவன் அம்மா, அவனுடைய தாய்மாமன். அவன் மூக்கில் பிளாஸ்திரி, கண்ணைச் சுற்றி என் கைவண்ணம் பச்சை நிறத்துக்கு வந்திருந்தது. அம்மா காபி கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்து சொன்னான்.

"தப்புதான் அத்தை. கேம் ஆடி ஆடி புத்தி கெட்டுப்போச்சி. அந்த நேரத்துல என்னா பண்றேன்னு எனக்கே தெரியல."

"அய்யோ, நாங்கதான மாப்ள அதை வாங்கிக் குடுத்தோம், எங்க மேலதான் தப்பு," என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியலையா?" நான் எழுந்துவிட்டேன். "தொடைச்சான்! ஜிப்பு போட்டான்! வாட்சைக் கழட்டினான்! நான் ஜன்னல்ல நின்னு பார்த்தேன். அன்னைக்கு அவன் கேம்ல ஜெயிச்சிருந்தான்!"

தாய்மாமன் என்னைக் கையமர்த்தினார். நல்ல கனமான மனுஷன், மெதுவாகப் பேசுவார். "ஏம்மா, நீ ஜன்னல்ல எட்டிப் பார்த்ததை எல்லாம் பேசினா குடும்பம் நடக்குமா? அவன் அடிச்சான், நீயும் அடிச்ச. ரெண்டும் சரியாப் போச்சி. புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல ஒரு பீடை பூந்துது. பீடையை ஒழிச்சிட்டா முடிஞ்சிது."

மடியிலிருந்த பையைத் திறந்தார். அந்த மெஷினைக் கொண்டுவந்திருந்தார். உறையிலிருந்து எடுத்து, எல்லோரும் பார்க்க, பின்கட்டுத் துவைக்கிற கல்மேல் வைத்தார். எங்கள் வீட்டுக் குழவியையே வாங்கி ஓங்கிப் போட்டார். நான்கு போடு. கண்ணாடி சிதறியது, பச்சைத் தகடு வெளியே வந்தது. கார்டுகளையும் ஒவ்வொன்றாக நசுக்கினார், நான் வாங்கிக் கொடுத்த பூசணிக்கொடி, மீன், கட்டம், எல்லாவற்றையும். அவன் முகத்தைப் பார்த்தேன். தங்கையின் தலை மோதியபோது மாறாத முகம் இப்போது வெடவெடத்தது.

"இதோட விட்டுது," என்று தாய்மாமன் கையைத் தட்டினார். எல்லோரும் மூச்சு விட்டார்கள். அவன் அம்மா சிரிக்கவே செய்தாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கேகூட ஒரு கணம் நெஞ்சு லேசானது. அம்மா விறுவிறுவென்று உள்ளே போய், தங்கையின் துணிப்பையைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்தாள். நல்ல நேரம் பத்தரை வரைக்கும்தான் இருக்காம்.

தங்கை பின்கட்டு நிலைப்படியில் நின்று துவைக்கிற கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"ஏம்மா அழுவுற, அதான் ஒழிஞ்சிதே," என்றார் தாய்மாமன்.

அவள் அவரிடம்தான் சொன்னாள், சத்தமே இல்லாமல், டம்ளரைக் கீழே வைப்பதுபோல்.

"அக்கா சொன்னது நெசந்தான். அடிக்கறதுக்கு முன்னாடி அதைத் தொடைப்பாரு. பையில போடுவாரு. ஜிப்பு இழுப்பாரு. பீரோ மேல வைப்பாரு. அதுக்குள்ள நான் கம்மலைக் கழட்டிட்டு, மூலைல உக்காந்து, தலையைப் பொத்திக்குவேன். எனக்கு அவ்ளோ நேரந்தான் கெடைக்கும். ஒவ்வொரு தடவையும் அதை வச்சித்தான் தப்பிச்சேன்." மூச்சு வாங்கினாள். "அதையும் ஒடச்சிட்டீங்க. இனிமே அடி எப்ப வரும்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் போவல."

அம்மா துணிப்பையைக் கீழே வைத்தாள்.